கைக்கூலி யாருடைய பணம்?

கரைத்தீவு முதலான புத்தளத்துக் கரையோர ஊர்களில் கல்யாணப் பேச்சு வந்தால் கைக்கூலிப் பேச்சும் கூடவே வந்துவிடும். "மாப்பிள்ளைக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்கிறோம். கேள்வியே பிழை. சட்டத்தின் கண்ணில் அது மாப்பிள்ளையின் பணமே அல்ல.

1806இல் ஆங்கிலேயர் கொழும்பு மாகாணத்து முஸ்லிம்களுக்கென வெளியிட்ட முகம்மதியச் சட்டக்கோவை 1852இல் தீவு முழுவதற்கும் விரிந்தது. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோது காதிமார் வந்தார்கள். அதற்குப் பதிலாக வந்ததே 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். கைக்கூலிக்கு அது தரும் வரைவிலக்கணம் தெளிவானது: திருமணத்துக்கு முன்போ திருமணத்தின்போதோ, மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் அல்லது வாக்களிக்கப்படும் பணம், இல்லையேல் அசையும் பொருள். மணமகளின் பயன்பாட்டுக்காக என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மாப்பிள்ளை அதை அமானிதமாகக் கையேற்பவர், அவ்வளவுதான். தலாக் ஆனாலும் பஸஹ் ஆனாலும் பெண் அதைக் காதியிடம் கேட்டுப் பெறலாம்.

நடப்பது வேறு. அந்தக் காசில் தோணியும் இஞ்சினும் வாங்குவார்கள், அல்லது ஒரு கடை போடுவார்கள். பத்து வருஷத்தில் தோணி இரண்டாகும். மீன் வெட்டி, உப்புப் போட்டு, கருவாடு காயவைத்து, கடன் கணக்கும் பார்த்தவள் மனைவி. பிரிவு என்று வரும்போது, "அவ என்னத்தக் கொண்டாந்தா?" என்பார்கள். கடுத்தத்தைப் புரட்டினால் கைக்கூலிக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்காது. எழுதினால் மரியாதைக் குறைவாம்! கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. காணியை மாப்பிள்ளை பெயருக்கு எழுதியிருந்தால் இன்னும் சிக்கல். அது அசையாச் சொத்து, கைக்கூலி வரைவிலக்கணத்துக்குள் வராது.

கைக்கூலி திரும்பக் கிடைத்தாலும் கொடுத்த தொகைதான் கிடைக்கும். அது வளர்த்த வியாபாரத்தில் அவளுக்குப் பங்கு உண்டா?

ஷாஃபிஈ மத்ஹபில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு என்று சிலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு என்ற கருத்து அந்நிஸா 32ஆம் வசனத்தில் இருப்பது உண்மை. அப்படியானால் அவளுடைய முதலும் உழைப்பும் யார் கணக்கில் சேரும்? மொரோக்கோவின் மாலிகி அறிஞர்கள் இதற்கு உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பொன்றை எடுத்துக்காட்டுவார்கள். ஹபீபா பின்த் ஸுரைக் துணியில் வேலை செய்வார், கணவர் அதை வைத்து வியாபாரம் செய்வார். கணவர் மௌத்தானதும் வாரிசுகள் எல்லாவற்றையும் கைப்பற்ற, உழைப்பின் பங்காகப் பாதியை முதலில் அவருக்குக் கொடுத்து, மிச்சத்திலிருந்தே வாரிசுரிமையைப் பங்கிட்டார்களாம். அது மரணத்தின் பின் வந்த வழக்குத்தான். ஆனால் அதன் நியாயத்தை மொரோக்கோ சட்ட அறிஞர்கள் விவாகரத்துக்கும் விரித்தார்கள்.

நம்மைப் போலவே ஷாஃபிஈகள் மலேசியர். அங்கே கூட்டாகத் தேடிய சொத்துக்கு 'ஹர்த்தா செபென்சாரியான்' என்று பெயர். கூட்டாட்சிப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, விவாகரத்தின்போது அதைப் பங்கிட ஷரீஆ நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பணம், சொத்து, உழைப்பு என யார் எதைப் போட்டார்கள் என்று பார்க்கிறார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்ததும் கணக்கில் வருகிறது.

நமது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு நிகரான பிரிவு இல்லை. காதியிடம் மஹரையும் கைக்கூலியையும் கேட்கலாம். இரண்டாவது தோணியைப் பற்றிக் கேட்பதென்றால், அந்தப் பெண் சிவில் நீதிமன்றப் படிதான் ஏறவேண்டும்.