அதிர்வெண்

அதிர்வு, எண் ஆகிய இரு சொற்கள் சேர்ந்து அதிர்வெண் ஆயிற்று. ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதற்கான கணக்கு அது. இலங்கைப் பாடநூல்கள் இதையே மீடிறன் என்கின்றன. மீள மீள வருவதைச் சுட்டும் அழகிய சொல். அலகின் பெயர் ஹெர்ட்ஸ், ஜெர்மானிய இயற்பியலர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் (1857–1894) நினைவாக வந்தது.

கணினிக்குள் பெரும்பாலான கருவிகள், குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட ஒரு கடிகாரத் துடிப்புக்கேற்ப இயங்குகின்றன. இங்கே கடிகாரம் மணி காட்டுவதில்லை, தாளம் போடுகிறது. ஆங்கிலத்தின் 'கிளாக்' என்ற சொல்லுக்கே மூலம், மணியைக் குறித்த இடைக்கால லத்தீனின் 'கிளோக்கா'தான்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் (கெர்னல்) 2012-இல் வந்த 3.4 பதிப்பு முதல், இந்தத் துடிப்புகளையெல்லாம் ஒரே மரமாக நிர்வகிக்கும் பொதுக் கட்டமைப்பு உண்டு. அந்த மரத்தின் வேரில், துடிப்பைத் தரும் 24 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருப்பதாகக் கொள்வோம். அதை 50-ஆல் பெருக்கினால் 1200. அதை 6-ஆல் வகுத்தால் கிளையில் 200 மெகாஹெர்ட்ஸ். கருவியின் அதிர்வெண் என்று கருநிரல் அறிவிப்பது பெரும்பாலும் இப்படிக் கணக்கிட்ட எண்ணே. அளந்து பார்த்த எண் அன்று.

ஆகவே வேரின் மதிப்பைத் தவறாக எழுதிவிட்டால் கிளைகள் எல்லாம் பிழைபடும். எடுத்துக்காட்டாக, தொடர்வரிசைத் தொடர்பில் வேகம் பிசகி எழுத்துகள் சிதைந்து வரும். அதிர்வெண்ணில் 'எண்' சரியாக இருந்தால்தான் அதிர்வுக்குப் பொருள் உண்டு.