மாரியோ

மாரியோ, ஜப்பானின் கியோட்டோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நின்டெண்டோ நிறுவனத்தின் வீடியோ கேம் கதாபாத்திரம். உருவாக்கியவர் மியாமோட்டோ ஷிகேரு. முதலில் தோன்றிய ஆட்டம், 1981-இல் வந்த 'டாங்கி காங்'.

அந்த ஆட்டம் ஒரு நஷ்டத்தை ஈடுகட்டப் பிறந்தது. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை 'ரேடார் ஸ்கோப்' என்ற ஆட்ட இயந்திரத்தில் 3,000 வரவழைத்து, ஏறக்குறைய 1,000-ஐ மட்டுமே விற்றது. கிடங்கில் தங்கிவிட்ட மற்றவற்றில் வேறோர் ஆட்டத்தைப் பொருத்தி விற்க முடிவாயிற்று. அந்த வேலை, 1977-இல் நிறுவனத்தில் சேர்ந்த மியாமோட்டோவிடம் வந்தது. அவர் படித்தது தொழில் வடிவமைப்பு. நிரல் எழுதத் தெரியாதவர். மூத்த பொறியாளர் யொகோய் குன்பெய் உடனிருந்து வழிநடத்தினார். பாப்பாய் கார்ட்டூனை ஆட்டமாக்கும் உரிமை அப்போது கிடைக்கவில்லை. எனவே பாப்பாயின் இடத்தில் ஒரு தச்சரும், வில்லன் புளூட்டோவின் இடத்தில் ஒரு கொரில்லாவும், காதலி ஆலிவின் இடத்தில் ஓர் இளம்பெண்ணும் வந்தார்கள். அந்தத் தச்சர்தான் மாரியோ. தொடக்கத்தில் 'ஜம்ப்மேன்' என்று குறிக்கப்பட்டவருக்கு, அமெரிக்கக் கிடங்கின் உரிமையாளர் மாரியோ செகாலியின் பெயர் சூட்டப்பட்டது.

அவருடைய தோற்றம் முழுவதும் இயந்திரத்தின் வறுமையோடு போராடிப் பெற்றது. 16-க்கு 16 படப்புள்ளிகள், மூன்றே வண்ணங்கள். ஒரு மனிதனைக் காட்ட அவ்வளவுதான் இடம். வாய் வரைய இடமில்லாததால் பெரிய மூக்கும் அதன் கீழ் மீசையும். குதிக்கும்போது தலைமுடி பறப்பதைக் காட்ட முடியாததால் தொப்பி. கைகளின் அசைவு உடம்போடு கலந்து மறைந்துவிடாமல் இருக்க, சட்டைக்கு ஒரு நிறம், தோள்பட்டி வைத்த வேலை உடுப்புக்கு வேறு நிறம். முதல் ஆட்டத்தில் உடுப்பு சிவப்பு, சட்டை நீலம். நிறங்கள் இடம் மாறிய, இன்று எல்லோருக்கும் பழகிய அமைப்பு பின்னால் வந்தது.

1983-இல் வெளியான 'மாரியோ பிரதர்ஸ்' பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்குள் நடந்ததால் தச்சர் பிளம்பர் ஆனார். இரண்டாவது ஆட்டக்காரருக்காகத் தம்பி லூயிஜியும் வந்தார். நினைவகம் போதாமல், மாரியோவின் படத்துக்கே நிறம் மாற்றி அவரை நிறுத்தினார்கள்.

மாரியோவை உலகறியச் செய்தது 13 செப்டம்பர் 1985 அன்று நின்டெண்டோவின் வீட்டு ஆட்டக் கருவியான ஃபாமிகாமுக்கு வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. எட்டு உலகங்கள், 32 கட்டங்கள். அத்தனையும் 40 கிலோபைட்டுக்குள். வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே படந்தான், நிறம் மட்டும் வேறு. மியாமோட்டோவோடு தெஸுகா தகாஷி வடிவமைத்தார். இசை கோண்டோ கோஜி. முதல் கட்டமே ஒரு நல்லாசிரியர். எதிரே வரும் கூம்பா என்ற எதிரியைத் தாண்டக் குதித்தால், தலை மேலே கேள்விக்குறிக் கட்டியில் முட்டுகிறது. வெளிவரும் காளான் குழாயில் மோதித் திரும்பி ஆட்டக்காரரிடமே வருகிறது. அஞ்சி ஒதுங்க நினைப்பவரும் பெரும்பாலும் அதைத் தொட்டு, மாரியோ வளர்வதைப் பார்த்துவிடுவார்.

பொத்தானை அழுத்தியிருக்கும் நேரத்துக்கு ஏற்பக் குதிப்பின் உயரம் கூடும். அந்தரத்திலும் திசை திருப்பலாம். ஓடி நின்றால் சற்று வழுக்கும். ஆட்டக்காரர் மாரியோவோடு ஒன்றிப்போவதற்கு இந்தக் குதிப்பே காரணம். மாரியோவுக்கென்று பெரிய கதையோ நீண்ட வசனமோ இல்லை. பள்ளத்தில் விழுந்ததும் குழந்தைகள் "செத்துட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். "மாரியோ செத்துட்டான்" என்று சொல்வது அரிது. தமிழ்நாட்டில் 1990-களில் ஃபாமிகாமின் மலிவான நகல்கள் 'டிவி கேம்' என்று விற்றபோது, பல வீடுகளுக்கு மாரியோ வந்தது அவற்றின் கேசட்டுகள் வழியாகத்தான்.

1996-இன் 'சூப்பர் மாரியோ 64' அவரை முப்பரிமாண உலகுக்குக் கொண்டுசென்றது. பல்லாண்டு குரல் கொடுத்த சார்ல்ஸ் மார்ட்டினே 2023-இல் விலக, கெவின் அஃப்கானி தொடர்கிறார். அதே ஆண்டு வந்த மாரியோ அனிமேஷன் படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.