ஆகாசவாணி: ஒரு பேராசிரியரின் வீட்டில் பிறந்த பெயர்

பெங்களூரில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்று ஸ்ரீராம்புரம். 1960-களின் இறுதியில் அங்கு ஒரு தமிழ்க் குடும்பம் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பியிருந்தால், ஒரே பொருளுக்குப் பல பெயர்களைக் கேட்டிருக்கும். பெங்களூர்க் கன்னட நிலையம் தன்னை ஆகாசவாணி என்றது. தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியறிக்கையும் அச்சொல்லாலேயே தொடங்கிற்று. சென்னை, திருச்சி நிலையங்கள் வானொலி நிலையம் எனப்பட்டன. கொழும்பு நிலையம் 1967 முதல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. இவற்றுள் முதற்பெயர் தில்லி அரசு ஆக்கியதன்று. மைசூரில் ஒரு பேராசிரியரின் இல்லத்தில் வழக்குக்கு வந்ததாகும்.

அப்பேராசிரியர் எம். வி. கோபாலசாமி. இலண்டனில் ஸ்பியர்மனிடம் உளவியல் பயின்றவர். 1924-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற உளவியல் துறையின் தலைவர். 1935 செப்டம்பர் 10 அன்று, 'விட்டல விகார்' என்னும் தம் இல்லத்தில் 30 வாட் ஆற்றலுடைய சிறு ஒலிபரப்பியைக் கொண்டு நிலையத்தைத் தொடங்கினார். தொடக்க நாளில் கன்னடக் கவிஞர் குவெம்பு தம் கவிதையை வாசித்தார் என்பர். இதற்குச் சற்று முன்னர், அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில்தான், இந்திய அரசின் ஒலிபரப்பை நடத்த லயனல் பீல்டன் இலண்டனிலிருந்து வந்து சேர்ந்தார். ஒருவர்க்குப் பின்னே அரசின் கருவூலம் இருந்தது. மற்றவர்க்கு ஆசிரியப் பணியின் ஊதியமே இருந்தது. சென்னையில் 1924-இல் வானொலி மன்றம் தொடங்கிய முயற்சியும் பணமின்றி நின்று, 1930-இல் மாநகராட்சியின் கைக்கு மாறியதை நினைத்தால் கோபாலசாமியின் துணிவு விளங்கும். பொதுமக்கள் நன்கொடையும் நகராட்சியின் உதவியும் பின்னர்க் கிடைத்தன. எனினும் ஏறத்தாழ ஆறாண்டுகள் பெருஞ்சுமையைத் தாங்கியவர் அவரே.

பெயரைத் தந்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கோபாலசாமியே என்பது பரவலான கூற்று. அவருடன் பணியாற்றிய கன்னட எழுத்தாளர் நா. கஸ்தூரி என்பாரும் உளர். தாகூர் தந்த பெயர் என்னும் கருத்தும் வழங்குகிறது. கல்கத்தா நிலையத்தின் சிற்றலைத் தொடக்கத்திற்காகத் தாகூர் இச்சொல்லை ஆண்டு பாடியது 1938-ஐ ஒட்டியே. மைசூர் வழக்கு அதற்கு மூன்றாண்டு முந்தையது. ஆதலின் நிலையப் பெயர் என்னும் அளவில் தாகூருக்கு முதன்மை தருதல் பொருந்தாது.

1942-இல் மைசூர் அரசு நிலையத்தை ஏற்றது. 1950-இல் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1955 நவம்பரில் பெங்களூருக்குப் பெயர்ந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மைசூரின் பெயர் இந்தியா முழுமைக்குமான பெயராயிற்று. மைசூர் நகருக்கு மீண்டும் ஒரு நிலையம் கிடைக்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சொல்லின் பொருள் தனியே கருதத்தக்கது. புராணக் கதைகளில் ஆகாசவாணி என்பது உருவம் தெரியாது வானில் எழும் தெய்வக் குரல். தமிழ்க் கதைமரபு அதனைப் பெரிதும் அசரீரி என்னும். 'வாணி' பேசுவாரைச் சுட்டும். 'ஒலி' அவ்வாறு சுட்டுவதில்லை. வானொலி என்பது கருவி, ஊடகம், நிறுவனம் ஆகிய மூன்றற்கும் பொருந்தி வருகிறது. வானொலி வாங்கினான், வானொலியில் கேட்டான், வானொலியில் பணிபுரிந்தான் என்பன இயல்பான தொடர்கள். முதல் தொடரில் ஆகாசவாணியைப் பெய்தால் தமிழ் ஏற்காது. அது நிறுவனப் பெயராகவே நின்றுவிட்டது.

இதனைத் தமிழ், கன்னடம் என்னும் இரு மொழிகளின் பூசலாகக் காண்பாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கன்னடத்திலும் வானொலிக்குப் 'பானுலி' என்னும் சொல் உண்டு. பானு என்பது வான். உலி என்பது ஒலி. தமிழ் மொழிமுதல் வகரத்திற்குக் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரம் வருதல் வேர், பேரு போன்றவற்றாலும் அறியப்படும். வானொலியும் பானுலியும் உறுப்புக்கு உறுப்பு ஒத்தவை. மைசூரில் ஆகாசவாணி நிலைபெற்றது கன்னடத்தில் வேறு சொல் ஆக்க இயலாமையால் அன்று.

2023 மே மாதம், ஆங்கிலத்திலும் ஆல் இந்தியா ரேடியோ என்பதை விடுத்து ஆகாசவாணி என்றே வழங்குமாறு நிறுவனம் பணித்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அவ்விவாதம் பெரும்பாலும் தில்லியைக் குறித்தே நடந்தது. கோபாலசாமியின் பெயர் அதில் அரிதாகவே இடம்பெற்றது.