அடம்பன் கொடியும் எங்கட கரையும்

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு.' ஒற்றுமையைப் பற்றிப் பேசும் எல்லா மேடையிலும் இந்தப் பழமொழியைக் கேட்டிருக்கிறோம். அந்தக் கொடியைக் காட்டச் சொன்னால் எங்களில் எத்தனை பேர் காட்டுவோம்?

ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கிறதே, அதுதான். சங்கப் பாடல்கள் அதை அடும்பு என்கின்றன. தாழை, புன்னை, ஞாழலோடு நெய்தல் நிலத்தில் வைக்கின்றன. நற்றிணை 172இல், விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைக்கிறது. பெண்கள் பாலும் நெய்யும் ஊற்றி அதை வளர்க்கிறார்கள். 'இது உன் தங்கை' என்கிறாள் தாய். கரையில் பூமரம் வளர்த்த கதை அவ்வளவு பழையது.

நாங்களோ கரையின் வரலாற்றை அழிவின் திகதிகளால் மட்டும் எழுதுகிறோம். 1964 டிசம்பரில் மன்னாரைத் தாக்கிய புயல், 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி. 1978இல் தென்னந்தோப்புகள் முறிந்து கிடந்ததைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லுவினம். சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். அது இந்த மண்ணின் மரமில்லை. அதன் சருகு மூடிய இடத்தில் வேறு செடி முளைப்பதும் குறைவு. பூவரசங்கதியால் நின்ற வேலிகளும் மதில்களாகிவிட்டன. அடம்பனையோ 'பற்றை' என்று வெட்டி எறிகிறோம்.

அடம்பன் சுனாமியை மறிக்காது. அப்படிச் சொல்வது பொய். ஆனால் அதன் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்று அள்ளிவரும் மணலைப் பிடித்துவைக்கும். அலை பிய்த்தெறிந்தாலும் மிஞ்சிய துண்டு திரும்பத் தளிர்க்கும். விதை உப்புநீரில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும்.

கடலோரத்தில் வளவு இருந்தால் இந்த வரிசையை வைத்துப் பார்க்கலாம்: கடல் பக்கம் அடம்பனும் இராவணன் மீசையும், அதற்குப் பின்னால் தாழை, வீட்டுப் பக்கம் பூவரசும் புன்னையும். மாரி தொடங்கேக்க கணுவுள்ள அடம்பன் துண்டுகளை ஈரமணலில் புதைத்தால் போதும். பூவரசுக்கு ஒரு கதியால் காணும்.

பெயர் தெரியாத செடியை வெட்டுவது லேசு. வெட்டின பிறகு மிஞ்சுவது பழமொழி மட்டும்தான்.