சாருவின் பகற்பொழுது

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) திரைப்படத்தின் தொடக்கக் காட்சியைச் சலிப்பின் வரலாற்றுக்குரிய ஓர் ஆவணமாகவே வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டு 1879, கல்கத்தாவின் செல்வர் மனை ஒன்று. சாரு கைக்குட்டையில் ஓர் எழுத்தைப் பூத்தையலிடுகிறாள். அலமாரியில் புத்தகம் தேடுகிறாள். கைப்பிடி வைத்த பார்வைக்கண்ணாடியுடன் சன்னலுக்குச் சன்னல் ஓடித் தெருவில் குடையுடன் போகும் ஒருவரைப் பின்தொடர்கிறாள். பத்திரிகை நடத்தும் கணவன் பூபதி, அவளைக் கவனியாமலே கடந்து செல்கிறான். அவனையும் அதே கண்ணாடியால்தான் பார்க்கிறாள்.

சலிப்பைச் சோம்பலோடு சேர்த்து எண்ணுவது நம் வழக்கம். ஜான் ஈஸ்ட்வுட்டும் உடனாய்வாளர்களும் 2012இல் அளித்த உளவியல் வரையறை அதை மறுக்கிறது: நிறைவளிக்கும் செயலில் ஈடுபட விரும்பியும் ஈடுபட இயலாத துன்பநிலையே சலிப்பு. சாருவிடம் விருப்பம் நிறையவே இருக்கிறது. ஈடுபடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஆண்களும் சலித்துத்தான் இருந்தார்கள். கடிகாரமும் வெள்ளை மேலதிகாரியும் ஆண்ட ‘சாக்ரி’ என்னும் அலுவலக ஊழியத்தை அக்காலக் குமாஸ்தாக்கள் தளையாகவே உணர்ந்தனர் என்கிறார் சுமித் சர்க்கார். தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ணரை அவர்கள் நாடியதையும் இதனோடு இணைத்து விளக்குகிறார். ஆயினும் குமாஸ்தாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. மாலையில் நம் திண்ணையை ஒத்த ‘ரக்’கும், அதில் ‘அட்டா’ என்னும் முடிவற்ற பேச்சும் இருந்தன. பின்னாளில், 1942இல், கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் காபி ஹவுஸும் வந்தது. அட்டா பெரும்பாலும் ஆண்களின் உலகம் என்பதைத் திபேஷ் சக்கரவர்த்தி மறைக்கவில்லை. அதைக் கல்கத்தாவின் தனிச்சிறப்பாகக் கொண்டாடும் நாம்தான் (அந்த மேசைகளில் பல மாலைகளைக் கழித்த என்னையும் சேர்த்து) உள்ளறையிலிருந்து தேநீர் அனுப்பியவர் யார் என்று கேட்பதில்லை.

மொழியியல் படித்தவளாதலால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்கிறோம். வங்காளத்தில் ‘ஆமார் பாலோ லாக்சே நா’. முதலதில் நான்காம் வேற்றுமை, இரண்டாவதில் ஆறாம் வேற்றுமை. சலிப்பவர் இரண்டிலும் எழுவாயாக வருவதில்லை. சாரு எழுவாயாவது எழுதத் தொடங்கும்போது: பிறந்த ஊரின் நினைவுகளை எழுதுகிறாள், அது இதழில் அச்சேறுகிறது.

ஆனால் சாருவை நமக்குத் தந்தவர்கள் ஆண்கள்: 1901இல் ‘நஷ்டநீட்’ எழுதிய தாகூரும், அதைப் படமாக்கிய ராயும். அந்நூற்றாண்டுப் பெண்ணின் சொந்தக் குரலைத் தேடினால், கல்கத்தாவுக்கு வெளியே, கிழக்கு வங்கத்துச் சிற்றூர் ஒன்றின் சமையலறைக்குச் செல்ல நேர்கிறது. ஏட்டின் ஒரு தாளை அங்கே ஒளித்துவைத்துத் தாமே படிக்கக் கற்ற ராஸ்சுந்தரி தேவியின் தன்வரலாறு ‘ஆமார் ஜீபன்’ 1876இல் வெளிவந்தது. அவர் பேசுவது சலிப்பைப் பற்றியல்ல. வீட்டு வேலைகள் அவருக்குச் சலிப்படைய ஒரு பகற்பொழுதைக்கூட விட்டுவைக்கவில்லை.