கல்லாவில் நீட்டிய கலர் சீட்டு

மளிகைக் கடை க்யூவில் நிற்கிறீர்கள். முன்னால் இருப்பவர் பணத்துக்குப் பதிலாக ஒரு கலர் சீட்டை நீட்டுகிறார். உங்கள் கண் எங்கே போகும்? அவர் கூடைக்குள்தானே!

அமெரிக்காவில் இந்தக் கதை தொடங்கியது 1939 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில். அரசு உதவியில் வாழ்ந்தவர்கள் ஒரு டாலருக்கு ஆரஞ்சு ஸ்டாம்ப் வாங்கினால், அரை டாலருக்கு நீல ஸ்டாம்ப் இலவசம். ஆரஞ்சுக்கு எந்த உணவும் வாங்கலாம். நீலத்துக்கு, விலைபோகாமல் தேங்கிக் கிடந்த வெண்ணெய், முட்டை, மாவு மாதிரி சரக்குகள் மட்டும்! ஏழைக்குச் சாப்பாடு, விவசாயிக்கு விலை, கடைக்காரருக்கு வியாபாரம். மூவருக்குமே அரசு உதவிதான். தலைகுனிந்து நின்றது என்னவோ ஒருவர் மட்டும்!

1943-ல் நின்றுபோன திட்டத்தை 1961-ல் கென்னடி சோதனை முறையில் மீட்டார். 1964-ல் ஜான்சன் சட்டமாக்கினார். கூப்பன் புத்தகத்திலிருந்து கல்லாக்காரர் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்கணும். க்யூவே வேடிக்கை பார்க்கும். தகுதி இருந்தும் கூச்சத்தால் ஒதுங்கியவர்கள் உண்டு.

1984-ல் பென்சில்வேனியாவின் ரீடிங் நகரில் பிளாஸ்டிக் அட்டை சோதனைக்கு வந்தது. 2004-ல் நாடு முழுக்க அட்டைதான். மோசடியும் காகித வேலையும் குறையணும் என்பது முக்கிய நோக்கம். பார்க்க வங்கி அட்டை மாதிரியே இருந்ததால் கூச்சமும் கொஞ்சம் குறைந்தது. உபரிச் சரக்கில் பிறந்த திட்டத்துக்கு, உபரியாகக் கிடைத்த மரியாதை அது!