கசிவுக்கு ஒரு பெயர்

1951இல் பாரிசில் ஷார்ல் துபோஸ்ட், வயிற்றுப் பெருந்தமனியின் வீங்கிய பகுதியை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் மாற்றுத் தமனியைத் தைத்தார். 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே துணிக்குழாயைச் செலுத்தி ஸ்டென்டால் பொருத்தினார். 1987இலேயே கார்கிவ் நகரில் நிகொலாய் வொலொதோஸ் மார்புப் பெருந்தமனியில் இதைச் செய்திருந்தார்; ரஷ்ய மொழியில் வெளிவந்த அவருடைய கட்டுரைகளை மேற்குலகம் நெடுநாள் கவனிக்கவில்லை.

புதிய முறையில் வீக்கப்பை உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனுள் குருதி மீண்டும் புகுந்தால் பை பெருத்து வெடிக்கக்கூடும். நோயாளி வலி எதையும் உணராமல் இருக்கலாம் என்பதால், அதனைக் கண்டறியப் படமெடுப்பதே வழியாயிற்று.

அந்தக் கசிவை எவ்வாறு அழைப்பது? அறுவை மருத்துவர் வழக்கில் 'லீக்' என்பது, தமனி கிழிந்து குருதி வெளியேறும் உயிர் அபாயத்தைக் குறித்தது. குழாயைக் கடந்து பைக்குள் குருதி புகுவதற்கும் அதே சொல் வழங்கியபோது பொருள் மயங்கியது. 1996இல் சிட்னியின் ஜெஃப்ரி வைட் குழுவினர் 'எண்டோலீக்', அதாவது உட்கசிவு, என்ற சொல்லை முன்மொழிந்தனர்.

பின்னர் உருவான வகைப்பாடு, குருதி வரும் வழியை அடிப்படையாகக் கொண்டது. முதல் வகை குழாயின் முனைகளில் நிகழ்வது. இரண்டாவது, கிளைத் தமனிகளிலிருந்து பின்னோக்கிப் பாய்வது. மூன்றாவது, குழாயின் இணைப்பிலோ துணிக் கிழிசலிலோ தோன்றுவது. நான்காவது, துணியின் நுண்துளைகள் வழியே ஊறுவது. இவற்றைப் பிரித்தறிய ஒரு படம் போதாது. மெதுவான இரண்டாம் வகைக் கசிவு, சாயம் செலுத்திய உடனே எடுக்கும் சி.டி. படத்தில் தென்படாமல், சற்றுத் தாமதித்து எடுக்கும் படத்தில் வெளிப்படலாம். டாப்ளர் அல்ட்ராசவுண்ட் பாய்வின் திசையைக் காட்டும். எந்தப் படத்திலும் கசிவு தென்படாமலேயே பை பெருப்பது ஐந்தாம் வகை எனப்பட்டது. படக்கருவியின் எல்லைக்கே அங்கு ஒரு பெயர் கிடைத்தது எனலாம்.

பிரிட்டனின் 'ஈவார் 1' ஆய்வு 1999 முதல் 2004 வரை 1,252 நோயாளிகளைச் சேர்த்தது. 2016இல் வெளியான அதன் நீண்டகால முடிவுகளின்படி, தொடக்கத்தில் குழாய் முறையில் இறப்பு குறைவு. எட்டு ஆண்டுகளுக்குப் பின் திறந்த அறுவையைவிட மிகுதி. வீக்கத்தால் நேர்ந்த அவ்விறப்புகளுக்கு முதன்மைக் காரணம், சிகிச்சை பெற்ற பை பின்னாளில் வெடித்ததே. அறுவை முடிந்த நாளோடு சிகிச்சை முடிவதில்லை; வாழ்நாள் முழுதும் கண்காணிப்பது அதன் ஒரு பகுதி என்பதே அம்முடிவுகள் தரும் பாடம்.